ஹளேபீட்டில் உளிக்குக் கிடைத்த சலுகை

ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் சுவரில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான். அவனுக்கு மேலே மலை அடுக்கடுக்காக எழுகிறது: மரங்கள், விலங்குகள், கணங்கள், உச்சியில் சிவனும் பார்வதியும். ஒவ்வோர் அடுக்கும் நின்று பார்க்கத்தக்கது. பார்த்து முடிப்பதற்குள் மலை ஆடுகிறது என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. எல்லோராவின் 16-ஆம் குகையில் இதே காட்சியைச் செதுக்கியவர்கள் இராவணனைச் சுற்றிக் கல்லைக் குடைந்து இருட்டை நிரப்பினார்கள். மேலே பார்வதி சிவனைப் பற்றிக்கொள்கிறாள், தோழி ஓடுகிறாள். அங்கே நடுக்கம் நம் காலுக்கே தெரியும்.

ஹொய்சளச் சிற்பிக்குத் திறமை குறைவில்லை, மிஞ்சிப்போனதுதான் சிக்கல். அவன் கையாண்டது மாக்கல், நம் கல்சட்டியின் உறவுக்காரக் கல். வெட்டியெடுத்த புதிதில் மெத்தென்றிருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். ஆரத்தின் மணிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம், பின்புறம் குடைந்து தொங்கவும் விடலாம். 1116-இல் சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பிடித்த ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அடுத்த ஆண்டே பேலூரில் கேசவனை எழுந்தருளச் செய்தான். அந்தச் சோழர்களின் சிற்பிகளுக்கு வாய்த்ததோ கருங்கல். எதை விடுவது என்று முதலிலேயே முடிவெடுக்காமல் அதில் உளி வைக்க முடியாது. மாக்கல் அந்த நெருக்கடியைத் தரவில்லை.

இன்னொன்று, கையெழுத்து. பேலூரில் பள்ளிகாவியின் தாசோஜாவும் மகன் சாவணனும், 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரக் கோயிலில் மல்லிதம்மாவும் சிலைகளின் அடியில் பெயரைப் பொறித்தார்கள். இடைக்கால இந்தியாவில் அபூர்வமான பெருமை இது. இதற்காகவே ஹொய்சளரை வணங்கலாம். ஆனால் பெயர் போட்டவனுக்குப் பக்கத்துச் சிலையை மிஞ்சும் ஆசையும் வரும் அல்லவா? நிற்கும் விஷ்ணுவுக்கும் ஆடும் சரஸ்வதிக்கும் ஒரே கனத்தில் நகை ஏறியதற்கு, கல்லோடு இந்த ஆசையும் காரணம் என்றே நினைக்கிறேன்.

நகை எப்போதும் பாரம் என்றும் சொல்லிவிட முடியாது. பேலூர்க் கோயிலின் பெண் சிற்பங்களான மதனிகைகளுக்கு அது பொருந்துகிறது. அலங்காரம்தான் அவர்களுடைய வேலையே! பைரவரின் பக்கத்தில் நிற்கும் பேய்களிடமோ சிற்பிக்கு நகைக்கடை திறக்க வழியில்லை. விலா எலும்பு, ஒட்டிய வயிறு, இளிப்பு, அவ்வளவுதான். பைரவரையே ஓரங்கட்டும் அளவுக்கு உயிர்ப்பு அவற்றில்தான் இருக்கிறது.