ஊற்றி அடைக்க முடியாத கசிவு

1960, 70-களில் அமெரிக்காவில் தயாரான செஸ்னா, பைப்பர், மூனி ரகச் சிறு விமானங்கள் இன்றும் ஏராளமாகப் பறக்கின்றன. இவற்றில் மூனி போன்றவற்றில் எரிபொருளுக்கென்று தனி டாங்க் கிடையாது. இறக்கையின் அலுமினியத் தகடுகளே டாங்கின் சுவர்கள். தகடுகள் சேரும் இடங்களிலும் ரிவெட்டுகளைச் சுற்றிலும் உள்ளிருந்து பூசிய பாலிசல்ஃபைடு சீலன்ட்தான் பெட்ரோலைத் தாங்கிப் பிடிக்கிறது. அது முதுமையில் இறுகி, தகட்டை விட்டு விலகும்போது இறக்கையின் அடியில் ரிவெட் வரிசையை ஒட்டி நீலக் கறை தோன்றும். 100எல்எல் விமான பெட்ரோலில் சேர்க்கும் சாயத்தின் நிறம் அது. கறையைக் கண்டவுடன் டாங்குக்குள் எதையாவது ஊற்றிச் சரிக்கட்டும் பழக்கம் பழைய விமான உலகில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஊற்றுவதெல்லாம் ஒன்றல்ல: வேறு தேவைகளுக்காக எரிபொருளில் கலக்கும் சேர்மங்களுக்கும், டாங்கின் உட்புறத்தில் ஊற்றிப் புரட்டும் பூச்சுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. முன்னதற்கு அளவோடு கூடிய நியாயம் உண்டு. பின்னது பெரும்பாலும் கோளாறை மறைக்கவே உதவுகிறது.

சேர்மங்களின் பக்கத்தை முதலில் பார்ப்போம். பெட்ரோலில் கரைந்திருக்கும் சிறிதளவு நீர், உயரத்தின் குளிரில் பிரிந்து பனித்துகளாகி வடிகட்டியை அடைக்கக்கூடும். இதைத் தடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ டைஈஜிஎம்ஈ என்ற சேர்மத்தையோ கலக்க செஸ்னா கையேடுகள் அனுமதிக்கின்றன. முன்னது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பின்னது 0.10 முதல் 0.15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது பின்னதற்கு 100 லிட்டருக்கு 150 மில்லிதான் உச்சவரம்பு. அதை மீறினால் டாங்கின் உட்பூச்சும் சீலன்ட்டும் ரப்பர் வளையங்களும் கெடும் என்று அதே கையேடுகள் எச்சரிக்கின்றன. டாங்கின் அடியில் நீர் தேங்கியிருந்தால் டைஈஜிஎம்ஈ அந்த நீரைத் தேடிப் போய்ச் செறிந்துவிடும். ஆகவே பறக்கும் முன் அடிநீரை வடிக்கும் வேலைக்கு இது மாற்றாகாது. ஈயப் படிவைக் குறைக்கும் சேர்மத்தின் கதையும் இதுவே. 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைத்த என்ஜின்கள், ஏறக்குறைய நான்கு மடங்கு ஈயம் இருக்கக்கூடிய 100எல்எல்-க்கு மாற நேர்ந்தது; ஸ்பார்க் பிளக்குகளில் ஈயம் படிந்தது. டிசிபி என்ற சேர்மம் அந்தப் படிவைக் குறைக்கும். ஆனால் அது நச்சுப்பொருள். தரையில் ஓடும்போது கலவையில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டினாலே படிவு கணிசமாகக் குறையும்.

உட்பூச்சின் கதை வேறு. திரவப் பூச்சை டாங்குக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி புரட்டி, மீதியை வடித்து உலரவிடுவார்கள். எட்ட முடியாத மூலைகளையும் அது சென்று தொடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய சீலன்ட்டின் மேலும் பெட்ரோல் பிசுக்கின் மேலும் படியும் பூச்சு, உலோகத்தில் நேராகப் பற்றுவதில்லை. ஒரு நாள் அது மெல்லிய தோலாக உரிந்து, எரிபொருள் வெளியேறும் வாயிலுள்ள சல்லடையில் போய் ஒட்டும். தரையில் சொட்டிக்கொண்டிருந்த கோளாறு, அப்போது வானில் என்ஜினைப் பட்டினி போடும் கோளாறாகிறது. வீட்டிலேயே கட்டும் விமானங்களுக்கான உதிரிகளைத் தரும் வேன்ஸ் நிறுவனம், பூச்சு உரியும் ஆபத்தைப் பற்றி 2006-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. 1982-ல் கார் பெட்ரோலுக்கு ஒப்புதல் கிடைத்து, பிறகு அந்தப் பெட்ரோலில் எத்தனாலும் நுழைந்தபோது சிக்கல் கூடியது. பழைய பூச்சுகளில் சில ஆல்கஹாலில் இளகிவிடுபவை.

விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் முழுச் சீரமைப்பின் செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயமான கவலைதான்; பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவது நாள்கணக்கில் நீளும் கைவேலை. ஆனால் ஒவ்வொரு கறைக்கும் அது தேவையில்லை. இடத்தைத் துடைத்துவிட்டு 30 நிமிடம் கழித்து ஈரம் எவ்வளவு பரவியது என்று அளந்தால் கசிவின் தரம் தெரியும். சிறு கறையைக் கண்காணித்தாலே போதும். பெரிதானால், டாங்கின் மூடியைத் திறந்து அந்த இடத்தில் மட்டும் பழையதை நீக்கி, உலோகத்தைச் சுத்தம் செய்து பூசலாம். ஊற்றும் பூச்சோ கசியும் வழியையே மறைத்துவிடுகிறது. பின்னால் முறையாகப் பழுதுபார்ப்பவர் இரண்டு அடுக்குகளைச் சுரண்ட வேண்டியிருக்கும். இன்று மிச்சமான பணம் நாளை இரட்டிப்பாகச் செலவாகும். பல்லாண்டு உரியாமல் இருக்கும் பூச்சுகள் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் எது உரியும், எது உரியாது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஈயமில்லா பெட்ரோல் வந்த பிறகு இந்த வாதம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2022-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஜி100யுஎல் என்ற ஈயமில்லா பெட்ரோலுக்கு ஒப்புதல் தந்தது. அது விற்பனைக்கு வந்ததும் பெயின்ட் உரிவது, சீலன்ட் கெடுவது பற்றிப் புகார்கள் எழுந்தன. பெட்ரோல்தான் காரணம் என்றனர் உரிமையாளர்கள் சிலர். ஏற்கெனவே கெட்டிருந்த சீலன்ட்தான் காரணம் என்றது தயாரிப்புத் தரப்பு. அந்த டாங்குகளில் எப்போது, எது, எவ்வளவு ஊற்றப்பட்டது என்ற பதிவு இல்லாத வரை இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய விமானம் வைத்திருப்போர் ஊற்றும் ஒவ்வொரு மில்லியையும் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதட்டும். அடிநீரைத் தவறாமல் வடிக்கட்டும். கசிவை அது பிறந்த இடத்திலேயே அடைக்கட்டும்.