எடுத்துரைப்பியலும் வர்க்க நோக்கும்: 'வதறிங் ஹைற்ஸ்' நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கில இலக்கியத்தைப் பல்கலைக்கழக மட்டத்திற் பயில்வோர்க்கு எடுத்துரைப்பியல் இன்று அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்றாகிவிட்டது. ஹென்றி ஜேம்ஸ் 1907–1909 காலப்பகுதியில் வெளிவந்த தமது தொகுப்புப் பதிப்புக்கு எழுதிய முன்னுரைகளிலும், பேர்சி லபொக் 1921 இல் வெளியிட்ட நூலிலும் நோக்குநிலை பற்றிய சிந்தனையாக அரும்பிய இத்துறைக்கு, 'நம்பகமற்ற கதைசொல்லி' என்னும் கருத்தாக்கத்தை வெயின் பூத் 1961 இல் வழங்கினார். ஜெராட் ஜெனெற் 1972 இல் பிரெஞ்சில் எழுதி 1980 இல் ஆங்கிலமாக்கப்பட்ட ஆய்வு, காண்பவர் யார், சொல்பவர் யார் என்னும் வினாக்களைப் பிரித்துக்காட்டியதுடன், கால ஒழுங்கு, எடுத்துரைப்பின் படிநிலை ஆகியவற்றை நுணுகி ஆராயும் கலைச்சொற்களையும் தந்தது.

இக்கருவிகளின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின், படிநிலைகளுக்குப் பெயரிட்டு வரைபடம் வரைவதோடு ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கொள்ளும் போக்கு ஒருபுறம் உள்ளது. மறுபுறம், இவற்றையெல்லாம் உருவவாதம் என ஒதுக்கிவிட்டுக் கதைச் சுருக்கத்தில் மட்டும் வர்க்க முரண்பாட்டைத் தேடும் முற்போக்கு விமர்சகரும் உளர். ஒன்றையொன்று எதிர்ப்பனபோலத் தோன்றும் இவ்விரு போக்குகளும், உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்துவிடுவதில் ஒன்றுபடுகின்றன. 1847 இல் வெளியான எமிலி புறொன்ரியின் 'வதறிங் ஹைற்ஸ்' நாவலை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

நாவலின் முதற் கதைசொல்லி, ஹீத்கிளிஃபின் மாளிகையை வாடகைக்குப் பெற்ற லொக்வூட் என்னும் கனவான். நோயுற்றுக் கிடக்கும் அவனுக்கு வீட்டுப் பணிப்பெண் நெலி டீன் இரு குடும்பங்களின் கதையைக் கூறுகிறாள். அவள் கூற்றினுள்ளே இசபெல்லாவின் கடிதம் இடம்பெறுகிறது. ஜெனெற்றின் சொற்களில் இவை மூன்று படிநிலைகள். இவ்வளவோடு நின்றால் நாம் காண்பது ஓர் அடுக்கு மாத்திரமே. அந்த அடுக்கில் மேலே இருப்பவர் யார், உள்ளே இருப்பவர் யார் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

வீட்டோடு சேர்ந்து வந்த பொருளாகவே நெலியை லொக்வூட் தொடக்கத்தில் அறிமுகப்படுத்துகிறான். நோயாளியின் பொழுதைப் போக்கக் கதை சொல்வதும் அவளது சேவகத்தின் ஒரு பகுதியாகிறது. பதினைந்தாம் அதிகாரத்தில், அவளுடைய சொற்களிலேயே, சிறிது சுருக்கி, கதையைத் தொடரப்போவதாகக் கூறும் அவன், அவள் நடையைத் தன்னாற் செம்மையாக்க இயலாதென நற்சான்றும் வழங்குகிறான். பணிப்பெண்ணின் மொழி வாசகரை வந்தடைவது எசமான வர்க்கத்தைச் சேர்ந்தவனின் சுருக்கத்தினூடாகவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதே வீட்டின் வேலையாளான ஜோசப் யோக்சயர் வட்டார வழக்கிற் பேச, நெலி பெரும்பாலும் பொதுவழக்கு ஆங்கிலத்திற் கதை சொல்கிறாள். வீட்டு நூலகத்து நூல்களைப் பயின்றமையை அவளே இதற்குக் காரணமாகக் காட்டுகிறாள். 1850 ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லற் புறொன்ரி, தென்பகுதி வாசகருக்கு விளங்கவேண்டுமென ஜோசப்பின் பேச்சையும் மாற்றியமைத்தார். எனவே 'சொல்பவர் யார்' என்னும் வினா, எவரது மொழி அச்சேறத் தகுதியுடையதாகக் கருதப்பட்டது என்னும் சமூக வினாவாகவும் விரிகிறது.

இவ்விடத்தில் நம்பகமின்மை பற்றிய கோட்பாட்டின் எல்லையும் புலனாகிறது. 1958 இல் ஜேம்ஸ் ஹஃப்லி எழுதிய கட்டுரையொன்று, நாவலின் தீய பாத்திரம் நெலியே என வாதிட்டது. அவள் மறைத்தவையும் காட்டிக்கொடுத்தவையும் உண்மையே. ஆனால், இரு குடும்பங்களிடமும் ஊதியம் பெற்று, இரண்டுக்கும் இடையே செய்தி சுமந்து வாழவேண்டியிருந்த ஒருத்தியின் நிலையைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாகச் சுருக்குவது விமர்சனமாகாது. பூத்தின் நோக்கில் நம்பகமின்மை என்பது பிரதியினுள் உணர்த்தப்படும் ஆசிரியரின் விழுமியங்களினின்றும் கதைசொல்லி விலகுவதாகும். அவ்விழுமியங்கள் எந்த வர்க்கத்தின் அனுபவத்தில் வேரூன்றியவை என்னும் வினாவை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கால ஒழுங்கைக் கருதினும் இவ்வுண்மை உறுதிப்படும். சட்ட வல்லுநரான சீ. பி. சாங்கர் 1926 இல் வெளியிட்ட சிறு ஆய்வு, நாவலின் நிகழ்ச்சிகளுக்கு ஆண்டும் மாதமும் கணித்ததோடு, அதிலுள்ள ஆதனச் சட்ட நுட்பங்களையும் விளக்கியது. இவ்விரண்டும் ஒரே ஆய்வில் இணைந்தமை தற்செயலன்று. சூதாட்டத்துக்காக ஹிண்ட்லி தன் நிலத்தை ஈடுவைக்கிறான். அவன் இறந்ததும் ஈடு பெற்ற ஹீத்கிளிஃப் உடைமையாளனாகிறான். எட்கர் தன் மரணசாசனத்தை மாற்றி, மகளின் பங்கை நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க முயல்கிறான், ஹீத்கிளிஃபுக்கு விலைபோன சட்டத்தரணி காலந்தாழ்த்துகிறான், எட்கர் இறந்துவிடுகிறான். பின்னர் மருமகன் லின்ரன், தன் மனைவியுடையவாயிருந்த அசையும் ஆதனங்களையும் சேர்த்துத் தந்தைக்கு எழுதிவைத்து இறக்கிறான். அவன் பராயமடையாதவனாதலால் நிலத்தை எழுதிவைக்க இயலவில்லை. எனினும் ஹீத்கிளிஃப் அதற்கும் உரிமை கோரி வைத்துக்கொள்கிறான். எவர் முன்னர் இறந்தார், எவர் பின்னர் இறந்தார் என்னும் வரிசையே இங்கு நிலத்தின் உடைமையைத் தீர்மானிக்கிறது.

இவ்வரிசையை நாவல் நேராகச் சொல்லாமையே நம் கவனத்துக்குரியது. 1801 இல் தொடங்கும் முதற் காட்சியில் ஹீத்கிளிஃப் நிலவுடைமையாளன். லொக்வூட் அவனது வாடகைக் குடியிருப்பாளன். உடைமை ஆங்கு கேள்விக்கிடமற்ற இயல்பான நிலையாகத் தோன்றுகிறது. நெலியின் பின்னோக்கிய கூற்றே, அது ஈடு, திருமணம், வன்முறை ஆகியவற்றால் உருவாக்கப்பட்டதென வெளிப்படுத்துகிறது. உடைமையை இயற்கையெனக் காட்டும் கருத்துநிலையை, கால ஒழுங்கைக் குலைக்கும் உத்தியே தகர்க்கிறது. ரெறி ஈகிள்ற்றன் 1975 இல் இந்நாவலின் இரு வீடுகளையும் இரு வேறு நிலவுடைமைப் பிரிவுகளின் மோதலாக விளக்கினார். அம்மோதல் எடுத்துரைப்பின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது என்பது எமது கருத்து.

நாவலின் மொழியைச் சமூகக் குரல்களின் மோதுகளமாகக் கண்ட பக்தீனும், எடுத்துரைப்பைச் சமூக முரண்பாடுகளுக்கான குறியீட்டுத் தீர்வாக விளக்கிய ஃபிரெட்றிக் ஜேம்சனும் (1981) இப்பாதையைத் திறந்துள்ளனர். ஆதலால் மார்க்சிய மாணவன் எடுத்துரைப்பியலைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அதனை முழுமையாகக் கற்று, அதன் ஒவ்வொரு கலைச்சொல்லையும் வரலாற்றின்முன் நிறுத்த வேண்டும். படிநிலை எனும்போது எவர் எவருக்குக் கீழ் என்றும், கால ஒழுங்கு எனும்போது எவரது உடைமையின் வரலாறு என்றும் வினவும் பொழுதே, வகுப்பறைப் பயிற்சி இலக்கிய விமர்சனமாகும்.