பூட்டிய கடையும் தலைக்கட்டுக் கணக்கும்

2020 மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் வழக்கம்போலத் தீர்த்தவாரிக்கு வந்து திரும்பினார்கள். அந்தக் கூட்டம் கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 24 நள்ளிரவில் நாடே பூட்டப்பட்டது. பைபர் போட்டுகள் கரையேறின. மீன் விற்கும் கூடைக்காரிகள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

மீனவருக்கு அந்த வருடம் விழுந்தது இரட்டை அடி. கடல் மீன்பிடிப்புக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு தந்து மத்திய அரசு ஆணையிட்டது ஏப்ரல் 10ஆம் தேதி. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15ஆம் தேதி. விசைப்படகுக்காரருக்குக் கிடைத்த சலுகை ஐந்தே நாள். பிறகு 61 நாள் தடையைச் சுருக்கி மே 31ஆம் தேதியோடு முடித்தார்கள்; அது நல்ல முடிவு. கட்டுமரமும் சிறு வள்ளமும் தடைக்குள் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐஸ் இல்லாமல், வண்டி இல்லாமல், வாங்க ஆள் இல்லாமல் பாடு கிடைத்து என்ன செய்வது?

இந்த நிலையில் உதவி இரண்டு கைகள் வழியாக வர வேண்டியிருந்தது. ஒன்று அரசு, இன்னொன்று ஊர். இரண்டும் வைத்திருந்தது ஆளுக்கொரு பட்டியலைத்தான். கொரோனாக் காலச் சமூக சேவையை எடைபோடும்போது எத்தனை மூட்டை வந்தது என்று எண்ணுகிறோம், யாருடைய பட்டியலில் யார் இருந்தார் என்று பார்ப்பதில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அரசு. புதுச்சேரிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2015 செப்டம்பரில், உணவு மானியத்தை அரிசியாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகப் போடும் திட்டம் சண்டிகரோடு சேர்த்து இங்கேதான் தொடங்கப்பட்டது. புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பின்னால் அதே வழிக்குப் போனது. அப்போதைய முதல்வர் நாராயணசாமி அரிசி என்றார், அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம் என்றார், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்பு ரேஷன் அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் மாதம் 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். அதாவது கிலோ 30 ரூபாய். அந்த விலைக்குப் புதுச்சேரிக் கடையில் என்ன அரிசி கிடைத்தது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

பணத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எடையில் அடிக்க முடியாது, புழுத்த அரிசியைத் தலையில் கட்ட முடியாது, அந்த மாதம் மருந்து வாங்குவதா மளிகை வாங்குவதா என்று வீட்டுப் பெண்ணே முடிவு செய்யலாம். ரேஷன் கடையை இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அங்கே வரிசையில் நின்ற நாட்களை மறந்துவிடுகிறார்கள். மார்ச் மாதக் கடைசியில் அட்டைதாரர் குடும்பங்களுக்கு 2000 ரூபாய் என்று அரசால் உடனே அறிவிக்க முடிந்ததற்கும் இந்தக் கணக்குப் பழக்கம் ஒரு காரணம்.

குறை தெரிந்தது அடுத்த மாதம். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று மத்திய அரசு அரிசி ஒதுக்கியபோது அதை வாங்கி அளந்து கொடுக்கத் தெருவில் கடை இல்லை. கடைகள் முடங்கிக் கிடந்தன, ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி. மாற்று ஏற்பாடு செய்து இறக்குவதற்குள் நாள் ஓடியது. அதுவும் சிவப்பு அட்டைக்கு. மஞ்சள் அட்டைக்கு அரிசி தரலாமா என்பதில் அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாசுக்கும் மறுபடி இழுபறி. பணமா அரிசியா என்று சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும், கடை என்பது தராசும் ஆளும் தெருவைத் தெரிந்த பழக்கமும் சேர்ந்த ஏற்பாடு, கலைத்தால் ஒரு வாரத்தில் திரும்பக் கட்ட முடியாது என்று தோன்றவில்லை.

இனி ஊர். கடலோரக் குப்பங்களில் அரசு அசைவதற்கு முன்பே பஞ்சாயத்து அசைந்துவிடும். ஊர் முகப்பில் கம்பு கட்டுவதானாலும் வந்த மூட்டையைப் பிரிப்பதானாலும் அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. திருவிழாவுக்கு வரி போட்டு, ஊரே சாப்பிட உலை வைத்துப் பழகிய கைகள் அவை. பங்கு போடும்போது பெரிய படகுக்காரருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே அளவு. இந்தச் சமத்துவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த வருமானச் சான்றிதழும் இதை இவ்வளவு வேகத்தில் செய்யாது.

ஆனால் அந்தப் பங்கு தலைக்கட்டுக்குப் போகிறது. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் நடந்த நிவாரணத்தைப் பார்த்தவர்கள் பலரும் எழுதிவைத்தது இதைத்தான்: ஊர்ப் பட்டியல் வேகமானது, ஆனால் கைம்பெண்கள் அதில் விடுபட்டார்கள், கழிமுகத்தில் இறால் தடவும் இருளர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பதினைந்து வருடம் கழித்து கொரோனா வந்தபோதும் தலைக்கட்டு என்ற சொல்லுக்குப் பொருள் மாறியிருக்கவில்லை.

ஒரு கூடைக்காரம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணவர் இல்லை. விடியுமுன் ஏலத்தில் கடனுக்கு மீன் எடுப்பார், அலுமினியக் கூடையில் வைத்துப் பெரிய மார்க்கெட்டிலோ தெருத்தெருவாகவோ விற்பார், மாலையில் ஏலக்காரருக்கும், தினத்தவணைக் கடன் தந்த தண்டல்காரருக்கும் கொடுத்தது போக மிச்சம் வீட்டுக்கு. அட்டை மஞ்சள், மகன் எப்போதோ ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்ததால். மத்திய அரிசிக்கு அவர் இல்லை. ஊர்ப் பங்கில் முழுத் தலைக்கட்டாக இல்லை. தடைக்கால நிவாரணம் கடலுக்குப் போகிறவரின் குடும்பத்துக்கு. மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை தள்ளிவைக்கலாம் என்றது. தண்டல்காரருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் என்ன உறவு? அந்த அம்மாவுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு பட்டியல், எழுதப்படாதது: பக்கத்து வீடு, மகளிர் குழு, கூடவே கூடை தூக்கும் நாலு பேர்.

அங்கன்வாடி ஊழியர்களையும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களையும் இங்கே சொல்லாமல் விட்டால் தப்பு. வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போன அவர்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அட்டையின் நிறத்தைவிட நன்றாகத் தெரியும். அந்தத் தகவலைக் கேட்டு வாங்கி அரிசிக் கணக்கோடு சேர்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அவர்களிடம் கேட்டது காய்ச்சல் கணக்கை மட்டும்.

2024 தீபாவளியை ஒட்டிப் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. இலவச அரிசியும் சர்க்கரையும் வாங்க வரிசை நின்றது. அட்டைகளின் நிறம் மட்டும் அப்படியே, சிவப்பும் மஞ்சளும்.