அகிலத்திரட்டில் அனந்தபுரம்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், இந்நகரை எண்ணும்போது அனந்தசயனத் திருக்கோயிலையும் சுவாதித் திருநாள் மன்னரின் இசைப் புலமையையும் பெருமையோடு எண்ணுகிறோம். அம்மன்னரின் ஆட்சிக் காலத்தில் (1829–1846) இந்நகரின் சிங்காரத்தோப்பில் ஒரு தமிழர் சிறை வைக்கப்பட்டதையும், அதனைப் பாடும் பெருநூல் ஒன்று தமிழில் இருப்பதையும் நம்மிற் பலர் எண்ணுவதில்லை. அவர் அய்யா வைகுண்டர். அந்நூல் அகிலத்திரட்டு அம்மானை.

கன்னியாகுமரிக்கு அருகே, இன்று சாமித்தோப்பு என வழங்கும் ஊரில் 1809-இல் பிறந்தவர் வைகுண்டர். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். எளியோர் பிள்ளைக்கு அப்பெயர் ஆகாது என மேற்சாதியார் தடுக்கவே, முத்துக்குட்டி என மாற்றினர் என்பர். 1833-இல் திருச்செந்தூர்க் கடலுள் புகுந்து வைகுண்டராய் மீண்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. பல சாதியாரும் ஒரே கிணற்று நீரைப் பயன்கொள்ளவும், ஒருங்கிருந்து உண்ணவும் வழிசெய்தார். தலைப்பாகை மறுக்கப்பட்டிருந்த ஆடவரைத் தலைப்பாகையோடு வழிபடச் செய்தார். அவர் மறைந்தது 1851-இல். அருவிப்புரத்தில் நாராயண குரு சிவப் பிரதிட்டை செய்த 1888-க்கு 37 ஆண்டுகள் முன்னர்.

சீடர் அரிகோபாலன் 1841-இல் எழுதியதாகக் கொள்ளப்படும் இந்நூல் 1939-இல்தான் அச்சேறியது. அன்பர்க்கு இது மறை. வரலாற்றாசிரியர்க்கு இது சான்று. இலக்கியமாக இதனை எடைபோட்டவர் சிலரே. ஆயினும் இதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதனை உணர இந்நகரில் வாழும் நமக்கே வாய்ப்பு மிகுதி.

நூலில் அனந்தபுரம் இருமுறை முதன்மை பெறுகிறது. முதலில், திருவரங்கம் நீங்கி இங்கு வந்த திருமால், கலிநீசனாகிய அரசன் எளியோர்மேல் சுமத்தும் வரிகளையும் ஊழியத்தையும் கண்டு, இந்நகரை விட்டே அகல்கிறார். பின்னர், அவர் மகனாக வைகுண்டர் கைதியாய் இதே நகருக்கு வருகிறார். 1750-இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாபர்க்கு அர்ப்பணித்தார்; அதுமுதல் மன்னர்கள் பத்மநாபதாசராய் ஆண்டனர். அப்படியாயின், இறைவன் அகன்றபின் அரசனின் உரிமை எதில் நிற்கிறது? இக்கேள்வியை நூல் வாதமாக எழுப்பவில்லை. கதையின் போக்கிலேயே பொதிந்து வைத்துள்ளது. ஏட்டெழுத்தாளர் ஒருவரின் துணிவுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சிறைப் பகுதியிலும் இத்திறம் தெரிகிறது. கையில் மறைத்த பொருள் யாதென அரசன் வினவுகிறான். வைகுண்டர் வாய் திறப்பதில்லை. சுண்ணாம்புக் காளவாய், மிளகாய்ப் புகை, புலிக்கூண்டு எனத் துன்பங்கள் தொடர்கின்றன. அற்புதங்களை அடுக்கும் கவிஞர், தலைவனின் பொறுமையையே உச்சமாக வைத்தது நன்று. தம் சாதியாரோடு மட்டுமே பழகுவதாக உடன்பட்டால் விடுதலை எனக் கூறப்பட்டதாகவும், அதனை அவர் மறுத்ததாகவும் வழக்கு. 1839-இல் அவர் விடுதலையானார்.

குறைகளும் உள. கூறியதையே கூறல் மிகுதி. அரசன் கலியின் உருவாக மட்டுமே நிற்கிறான். கீர்த்தனம் இயற்றிய மனிதனை அங்குக் காண இயலாது. ஆனால் இது கேட்பதற்கென அமைந்த நூல். கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பில் ஊரார் கூடியிருந்து கேட்கும்போது கூறியது கூறல் குற்றமாகத் தோன்றுவதில்லை. மேலும், வரி செலுத்தியவன் மன்னனின் இசையைக் கேட்டிருக்கவில்லை. அவன் கேட்டது அதிகாரியின் குரலையே. கீர்த்தனமும் அம்மானையும் ஒரே காலத்தின் இரு குரல்கள். ஒன்றை மட்டும் கேட்போர் அக்காலத்தைப் பாதியே அறிவர்.

1956-இல் எல்லை மாறியது. வைகுண்டர் பிறந்த ஊர் தமிழகத்திலும், சிறையிருந்த இடம் கேரளத்திலும் ஆயின. எல்லைக்கு இப்பால் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கையில், தமிழ் தொலைவிலுள்ள மொழி என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பு. அவர்களை ஒருநாள் சிங்காரத்தோப்புக்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் நாள்தோறும் நடக்கும் இந்நகர வீதிகளையும் தமிழ் பாடியுள்ளது என்பதை அங்கு நின்று சொல்வோம்.