நாற்பது விதிகளும் கிமியாவும்

துருக்கிய எழுத்தாளர் எலிஃப் ஷஃபாக்கின் 'காதலின் நாற்பது விதிகள்' என்னும் நாவலைத் தயக்கத்துடனேயே கையிலெடுத்தோம். 2009இல் துருக்கி மொழியில் 'அஷ்க்' என வெளிவந்து, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்த நூல் இது. மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் பெயர் வாழ்த்து அட்டைகள்வரை மலிந்துவிட்ட காலத்தில் இதுவும் அவ்வகையினதோ என்னும் ஐயம் நமக்கிருந்தது. படித்து முடித்தபின்னும் அது முற்றும் நீங்கவில்லை. எனினும், அதனினும் கனமான கேள்வியொன்று நெஞ்சில் தங்கிவிட்டது.

அமெரிக்காவில் மூன்று பிள்ளைகளின் தாயாகிய எலா, இலக்கிய முகவர் நிறுவனமொன்றுக்காக ஒரு கையெழுத்துப் பிரதியைப் படிக்கிறாள். 13ஆம் நூற்றாண்டுக் கோனியாவில் ரூமியும் ஷம்ஸு தப்ரேஸும் கொண்ட நட்பைச் சொல்வது அப்பிரதி. படிக்கப் படிக்கத் தன் இல்வாழ்வின் வெறுமை அவளுக்குப் புலப்படுகிறது. பிரதியை எழுதிய அஸீஸ் மீது காதல் மலர்கிறது. இறுதியில் வீட்டைத் துறக்கிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாற்பது விதிகள் ஆசிரியரின் கற்பனை. ஷம்ஸின் உரைகளைத் தாங்கிய தொகுப்பு 'மகாலாத்' எனத் தனியே உள்ளது. நாவலாசிரியர் கற்பனை செய்வது குற்றமன்று. அதனை ஞானியின் வாக்கென்று எடுத்தாள்வதே பிழை.

இறைக்காதலின் மொழி நமக்குப் புதிதன்று. மெய்ப்பொருளை மனோன்மணியென விளித்துப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அம்மரபில் தன்னை அறிதல் என்பது நஃப்ஸை அடக்குதல். எலாவின் கதையிலோ அது தன் விருப்பத்தைக் கண்டடைதலாக நிற்கிறது. இவ்விரண்டையும் காதல் என்னும் ஒரே சொல்லால் நாவல் இணைத்துவிடுகிறது. 1244இல் ஷம்ஸைச் சந்தித்த ரூமி தம் புகழை இழக்கத் துணிந்தார்; மார்க்க நெறியை இழக்கவில்லை. இந்த வேறுபாட்டை நாவல் போதிய அளவு உணர்த்தவில்லை என்பதே நம் கருத்து.

ஆயினும் நம்மை உலுக்கியவள் கிமியா. ரூமியின் வீட்டில் வளர்ந்த அறிவார்வம் மிக்க அச்சிறுபெண், ஷம்ஸை நேசித்து மணக்கிறாள். அவளுக்குக் கணவனின் அன்பு கிட்டவில்லை, துயரிலேயே மடிகிறாள். ஆசிரியர் அவளுக்குத் தனிக்குரல் தந்திருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் நாற்பது விதிகளுள் எதுவும் அவளுக்கு விடை தரவில்லை. அன்பைப் போதிக்க வந்தவரின் வாசலிலேயே அன்பின்றி ஒருத்தி வாடினாள் எனில், அப்போதனையின் நிறைவு யாது?

கோனியாவை நோக்கி இக்கேள்வியை எழுப்புவது எளிது. நூல்களிலும் சபைகளிலும் இஷ்கைப் பற்றிப் பேசிப் பேசிப் பின்னிரவில் வீடு திரும்புகின்றவர்கள் நாம். உணவை மூடிவைத்து விழித்திருந்த முகத்தை அப்போதேனும் நிமிர்ந்து நோக்கினோமா? இந்நாவல் நமக்குப் புதிய ஞானம் எதையும் தந்ததாகச் சொல்ல மாட்டோம். அந்த முகத்தை நினைவூட்டியது. அதற்காக நன்றி கூறுகிறோம்.