பரோட்டா என்ன ஜாதி?

அடுத்த முறை ஓட்டலில் பில் வந்ததும் மொத்தத் தொகைக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு வரிகளைப் படியுங்கள். சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. முதலாவது டெல்லிக்கு, இரண்டாவது மாநிலத்துக்கு. ஐந்து சதவீதம்தானே, ஒழியட்டும் என்று டிப்ஸ் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த ஐந்துக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையைப் பொறுமையுடன் வாசித்தால் நல்ல நகைச்சுவை நாவல் படித்த திருப்தி கிடைக்கும்.

பரோட்டாவையே பாருங்கள். சப்பாத்தி, ரொட்டி வகையறாவுக்கு 5 சதவீதம் என்று இருந்தது. பாக்கெட் பரோட்டா அந்த ஜாதியில் சேருமா? சேராது, அதைச் சாப்பிடுமுன் கல்லில் போட்டுச் சூடாக்க வேண்டியிருக்கிறதே என்று 2020-ல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொல்லி, 18 சதவீதத்தில் தள்ளியது. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் மலபார் பரோட்டாவுக்கு 5 போதும் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மதுரையில் எந்தப் பரோட்டா மாஸ்டரைக் கேட்டிருந்தாலும் ஒரு வீச்சில் தீர்த்துவைத்திருப்பார்.

சந்தோஷப்பட்டு ஓட்டலுக்கு ஓடாதீர்கள். பூஜ்யம், கடையில் வாங்கும் பாக்கெட்டுக்கு. ஓட்டல் இலையில் விழும் பரோட்டாவுக்கு அதே ஐந்துதான். அங்கே நீங்கள் வாங்குவது பரோட்டா அல்ல சார், 'சேவை'.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18, ஏ.சி. இல்லாததற்கு 12. மாடியில் ஏ.சி., கீழே மின்விசிறி என்றால்? கீழே வியர்த்துக்கொண்டு சாப்பிட்டவருக்கும் 18. இட்லிக்கு வரியா, குளிருக்கு வரியா என்று ஜனங்கள் சண்டை போட்ட பிறகு, நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களுக்கு 5 ஆக்கினார்கள். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே, பன்னுக்கு வரியில்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 என்று சொன்னதும் அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு பிறகு மன்னிப்பில் போய் முடிந்தது வேறு கதை. மூன்று மாதம் கழித்து பாப்கார்னுக்கு மூன்று விகிதம் என்று விளக்கம் வந்தது: உதிரியாக உப்புப் போட்டால் 5, பாக்கெட்டில் அடைத்தால் 12, காரமல் பூசினால் 18.

சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. 2017 நவம்பரில் 5 ஆக்கியபோது, ஓட்டல்காரர் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கழிவின் பலனை அவர்கள் வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்பது காரணம். நியாயம்தான், பலர் தரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். வணிக சிலிண்டருக்கு 18, கடை வாடகைக்கு 18, வாங்குகிற ஏ.சி. இயந்திரத்துக்கு 18. எதையும் கழிக்க முடியாது என்பதால் அத்தனையும் தோசை விலையில் ஏறிவிடும். கோலா இன்னும் மோசம். அதற்கு 40 சதவீதம். 100 ரூபாய் சரக்கு ஓட்டலுக்கு 140-க்கு வருகிறது. ஒரு பைசா லாபம் வைக்காமல் ஊற்றிக் கொடுத்தாலும் உங்களுக்கு 147. பில்லிலோ வெறும் ஐந்து என்றுதான் இருக்கும். வரிக்கு மேல் வரி கூடாது என்பதற்காகத்தானே இந்தச் சட்டத்தையே கொண்டுவந்தார்கள்?

(மதுவைத் தேடாதீர்கள். அது ஜிஎஸ்டிக்கு வெளியே, முழுக்க மாநிலத்தின் பிடியில். அந்த அட்சய பாத்திரத்தை எந்த முதல்வரும் டெல்லிக்குத் தரமாட்டார்.)

இனி உங்கள் பர்ஸ் விஷயம். வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் செய்யும் சின்ன ஓட்டல்கள் 'காம்போசிஷன்' என்ற திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர் அந்த ஐந்து சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அப்படிப்பட்ட கடை பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் கொடுக்காதீர்கள். பதிவு எண்ணே இல்லாத பில் என்றாலும் அப்படியே. எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், கடை எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். காபி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.