வழியில் கண்டவை: இரு பயண நூல்களை முன்னிட்டு

பயணக் கட்டுரை என்ற பெயரில் நம்மிடையே எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி பயண அட்டவணையே என்று சொன்னால் அன்பர்கள் சிலர் வருந்தக்கூடும். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இவ்விதழுக்கு வருகின்ற கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும் பணி அவ்வப்போது நமக்கும் வாய்க்கிறது. அதிகாலை 5 மணிக்கு எழுந்தோம், 6 மணிக்குப் பேருந்து புறப்பட்டது, 9 மணிக்குச் சிற்றுண்டி முடித்துப் பேராலயத்தை அடைந்தோம், அதன் அழகை வருணிக்க வார்த்தைகள் இல்லை என்னும் ஒரே போக்கில் எருசலேமும் ரோமும் வேளாங்கண்ணியும் எழுதப்படுகின்றன. ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் ஒரு கட்டுரை மற்றொன்றாகிவிடும். வார்த்தைகள் இல்லையெனில் கட்டுரை எதற்கு?

இக்குறையைக் கைப்பேசியின் தலையில் ஏற்றிவிடுவது இன்று எளிது. பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ளாத பெரியவர்கள் இல்லை. ஆனால் கைப்பேசி வருவதற்கு முப்பது நாற்பது ஆண்டுகள் முன்னரும் இதே அட்டவணைகள் எழுதப்பட்டே வந்தன. தவிரவும், தமிழில் பயண இலக்கியத்துக்கு வழி வகுத்தவரே கையில் படக்கருவியோடு உலகைச் சுற்றியவர்தாம். ஆகவே கருவியை விட்டுவிட்டு, கண்ட காட்சியைத் துய்ப்பது எப்படி என்பதை நம் மொழியில் நன்கு எழுதியவர்களிடமே கேட்டுப் பார்ப்போம்.

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் (1911–1983) இளமையில் இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார்; பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு முழு நீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். 1940இல் படம் வெளிவந்தது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலும் அவ்வாண்டினதே.

இந்நூலைப் படிக்கையில் நாம் முதலில் உணர்வது, எழுதியவர் எங்கும் நம் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்பதில்லை என்பதே. சின்னஞ்சிறு வாக்கியங்கள், உரத்த வியப்பு இல்லை, நகைச்சுவை உண்டு, ஆனால் அது நகைச்சுவை என்று தெரிவதற்கே இரண்டொரு கணம் ஆகிறது. புகழ்பெற்ற கட்டடங்களைக் காட்டிலும் வழியில் எதிர்ப்பட்ட மனிதர்மேல் அவருக்கு நாட்டம் அதிகம். படக்கருவிக்குப் பின்னே நிற்பவன் படத்தில் இருப்பதில்லை அன்றோ? அந்தப் பழக்கம் அவருடைய எழுத்திலும் படிந்துவிட்டது.

மற்றொன்றும் நம் கருத்துக்கு உரியது. செட்டியார் ஊர் பார்க்கக் கிளம்பியவர் அல்லர். முதலில் படிப்பு, பிறகு படச்சுருள் என்று ஏதோ ஒரு வேலை அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றது. காட்சிகள் அவ்வேலையின் ஓரத்தில் வந்து நின்றன. காண்பதற்கென்றே கட்டணம் செலுத்திப் புறப்படுபவர், கண்டே தீர வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டு வருகிறார். வேலை நிமித்தம் போகிறவர் கண்ணுக்கோ பட்டியலில் இல்லாதது படுகிறது.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பினார். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் வண்டிச் சக்கரம் பழுதாகி அரைமணி நேரம் நின்றுவிட்டதாம். உடன் சென்றோர் தாமதத்தை நொந்துகொண்டு இருக்கைகளிலேயே அமர்ந்திருக்க, இவர் மட்டும் இறங்கிச் சாலையோரம் நின்றார். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு இருவர் போனார்களாம். “ஒரு நீளக் கம்பைச் சும்மா குறுக்கே புடிச்சான் சாமி, அம்புட்டும் அப்படியே திரும்பிருச்சு! கோயிலும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். சிந்திக் கிடந்த நெல்லையும் நத்தையையும் வாத்துகள் பொறுக்குவதையும், பின்னால் வந்த சிறுவன் இருகைகளிலும் முட்டைகளை ஏந்தி வந்ததையும் கால் மணி நேரம் நமக்கு விவரித்தார். அதே பேருந்தில் சென்ற, கற்றறிந்த இளைஞர் ஒருவர் அனுப்பிய கட்டுரையில் அந்த அரைமணி நேரம் ‘சிறு தடங்கலுக்குப் பின்’ என்னும் மூன்று சொற்களில் முடிந்திருந்தது.

செட்டியாரிடம் நமக்கு நிறைவு தராத இடங்களும் உண்டு. ஒன்றைக் காட்டுகிறார், நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார். தம்மைப் பற்றிப் பேசக் கூசியவர் என்பதால், கண்ட காட்சி அவர் உள்ளத்தை என்ன செய்தது என்பது பல இடங்களில் நமக்குத் தெரியாமலே போகிறது. மனிதராக அது அவருக்குப் பெருமை. வாசகருக்கு ஓரளவு இழப்பு. ஆனால் உலகைச் சுற்றியவர் குடகைப் பற்றியும் தனி நூல் எழுதினார் என்பதையும், தமிழ்நாட்டுக்குள்ளேயே போய்வந்த பலருடைய கட்டுரைகளைப் பழைய இதழ்களிலிருந்து தேடித் திரட்டிப் பெருந்தொகுப்பாகத் தந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பக்கத்து ஊருக்குப் போவதும் பயணமே என்று அவர் கருதியதற்கு இவற்றைவிட வேறு சான்று தேவையில்லை.

செட்டியார் விட்ட குறையை நிரப்புவதுபோல் அமைந்தது, சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய், வாழி, காவேரி!’. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் ஆற்றைப் பூம்புகார்க் கடல் வரை தொடர்ந்த பயணம் இது. தலைப்பு சிலப்பதிகாரக் கானல்வரியிலிருந்து எடுக்கப்பட்டது. “நடந்தாய் என்று பெயர் வைத்துவிட்டுக் காரில் போயிருக்கிறார்களே!” என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேலி செய்ததுண்டு. நடந்தது காவிரி, அத்தொடர் ஆற்றை விளித்துச் சொன்னது. ஆனாலும் நண்பரின் கேலியில் ஒரு நல்ல விமரிசனக் கேள்வி ஒளிந்திருக்கிறது. இவர்கள் காண்பதற்கென்றே கிளம்பியவர்கள். அப்படியானால் நாம் மேலே சொன்னபடி இவர்கள் தோற்றிருக்க வேண்டாமா?

தோற்கவில்லை. காரணம் ஜானகிராமனின் பிறப்பிலேயே இருக்கிறது என்று எண்ணுகிறோம். அவர் தஞ்சை மண்ணில் பிறந்தவர். ‘மோக முள்’ளைப் படித்தவர்களுக்குக் கும்பகோணமும் அதன் காவிரியும் அவருக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை. வயதான தாயை மட்டுமே அறிந்த மகன், அவள் சிறுமியாய் ஓடித் திரிந்த வீட்டை முதன்முறையாகப் போய்ப் பார்ப்பதுபோல் அவர் மேற்கே போகிறார். பழகிய ஒன்றன் பழகாத பகுதியைக் காண்பதால் அவருடைய வியப்பு இரவல் வியப்பாக இல்லை. செட்டியாருக்குக் கண் பெரிது. இவர்களுக்குச் செவியும் நாவும் பெரிது. உணவும், உடன் வருவோர் உரையாடலும், ஆற்றங்கரைச் சங்கீதமும் காட்சியோடு கலந்து வருகின்றன. புராணச் செய்திகளும் வரலாற்றுக் குறிப்புகளும் சில இடங்களில் மிகுந்து, ஆறு சற்று நேரம் கண்ணுக்கு மறைந்துவிடுவதையும் சொல்லியாக வேண்டும். அவ்விடங்களில் நாம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு நீரைத் தேடுகிறோம்.

இந்நூலை இன்று படிக்கும்போது அதற்கு ஆசிரியர்கள் எண்ணியிராத கனம் ஒன்று கூடியிருக்கிறது. அவர்கள் எழுதியபோது மேட்டூர் அணைக்கு வயது 37. அதன்பின் ஆற்றின் மடியிலிருந்து எவ்வளவு மணல் அள்ளப்பட்டது என்பதைக் கரையோரம் வாழ்பவர்கள் அறிவார்கள். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டு 22 அன்று கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இன்று பள்ளியில் படிக்கும் கரையோரப் பிள்ளை, மணல் நிறைந்த காவிரியைத் தாத்தாவின் வாய்ச்சொல்லாலும் இத்தகைய நூல்களாலும்தான் அறிய முடியும். நின்று துய்த்து எழுதியவர்கள் இருந்ததால் அந்த ஆறு நமக்குத் தாளிலாவது கிடைத்தது. வருணிக்க வார்த்தைகள் இல்லை என்று அவர்களும் கையை விரித்திருந்தால், எது போயிற்று என்றுகூட நமக்குத் தெரிந்திராது.

நம் மக்களுள் பெரும்பாலோர்க்கு எருசலேம் வாய்ப்பதில்லை. ஆனால் விடியற்காலையில் மீன்கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்ணும், இரவுப்பணி முடிந்து முதல் பேருந்தில் திரும்பும் செவிலியும், வாரந்தோறும் மகனைப் பார்க்க விடுதிக்குப் போகும் தந்தையும் காணும் காட்சிகள் உண்டு; அவற்றை எவரும் எழுதி அனுப்புவதில்லை. பயணம் என்றால் தொலைவு என்ற எண்ணமே அவர்களைத் தடுக்கிறது போலும். எனவே இனிமேல் நம் கைக்கு வரும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், ஓரத்தில் வெறுமனே ‘இயலவில்லை’ என்று குறிக்காமல் இரண்டு வினாக்களைப் பென்சிலால் எழுதி அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறோம். வண்டி நின்ற இடத்தில் என்ன இருந்தது? அங்கே நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார்?